நாங்கள் என்றால் யார்?

“என் வாழ்க்கையில ஒன்னுமே நடக்கலையே, மேடம்.”

செங்கல்பட்டில் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில், மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு மாணவி இப்படிச் சொன்னாள். பி.காம். மூன்றாம் ஆண்டு. முதல் இரண்டு வருடம் என்னிடம் தமிழ் படித்தவள். மகேந்திரா சிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குச் சரிபார்க்கும் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. வந்த மின்னஞ்சலைக் கைபேசியில் காட்டினாள். இது திறன்சார் நேர்காணல், உங்கள் அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தயார்செய்துகொண்டு வாருங்கள் என்று எழுதி, கீழே ஐந்து மாதிரிக் கேள்விகளும் கொடுத்திருந்தார்கள். தலைமைப் பண்பைக் காட்டிய ஒரு தருணம். கருத்து வேறுபாட்டைக் கையாண்ட ஒரு தருணம். கடினமான வாடிக்கையாளர். நெருக்கடியில் எடுத்த முடிவு. செய்த தவறும் கற்றுக்கொண்டதும்.

பாடத்தில் கேட்டால் சொல்லிவிடுவாள். “உன்னைப் பற்றிச் சொல்” என்றாலும் பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று மனப்பாடமாக ஒரு பாரா வைத்திருக்கிறாள். இது வேறு. “எப்போது நடந்தது, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆனது” என்று கேட்கிறார்கள். இருபது வயதுப் பெண் தன் இருபது வருடத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்கிறாள்.

இவள் 2004 நவம்பரில் பிறந்தவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் நாற்பது நாள் குழந்தை.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இந்த நேர்காணல் முறை எனக்கும் அதுவரை அவ்வளவாகத் தெரியாது. தமிழ்த்துறைக்காரிக்கு எங்கே தெரியும்? அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். முனைவர் பட்டத்துக்குப் படித்ததைவிட ஆர்வமாகப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும். இதன் ஒரு வேர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானப்படையில் இருக்கிறது. விமானி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் ‘துணிச்சலானவர்’, ‘நிதானமானவர்’ என்று பொதுவாகத்தான் பதில் வரும். அதனால் நடந்த சம்பவங்களைத் திரட்டி, அந்த நேரத்தில் ஆள் என்ன செய்தார் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் 1954இல் இதை ஒரு முறையாக எழுதிவைத்தார். அடுத்து ஹார்வர்டின் டேவிட் மெக்லெல்லண்ட். அறிவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்து வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள், வேலைக்கு வேண்டிய திறன் இருக்கிறதா என்று பாருங்கள் என்று 1973இல் கட்டுரை எழுதியவர். வெளிநாடுகளுக்கு அனுப்பும் தகவல் அதிகாரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அமெரிக்க அரசுத் துறையே அவரிடம் கேட்டிருந்தது. நன்றாக வேலை செய்கிறவர்களையும் சுமாராகச் செய்கிறவர்களையும் உட்காரவைத்து, உங்கள் வேலையில் நடந்த சம்பவங்களைக் கதையாகச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். அந்தக் கதைகளிலிருந்து திறன்களைப் பிரித்தெடுத்தார்.

இதே மெக்லெல்லண்ட் 1960களில் நம் பக்கத்துக் காக்கிநாடாவுக்கும் வந்து, அங்கே சிறுதொழில் செய்பவர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதே வங்காள விரிகுடா. கரையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களை அவர் பார்த்தாரா என்று எனக்கு ஒரு நப்பாசைக் கேள்வி.

பதில் சொல்லவும் ஒரு சட்டகம் இருக்கிறது. ‘ஸ்டார்’ என்கிறார்கள்: சூழல், பணி, செயல், விளைவு. முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் செயலில் அதிக நேரம் நிற்க வேண்டும். விளைவை முடிந்தால் எண்ணில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் கையில் மதிப்பீட்டுத் தாள் இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல்.

ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2009இல் ஒரு கல்லூரியில் நிரந்தரப் பணிக்கான நேர்காணலுக்குப் போனேன். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். என் ஆய்வேடு மேசைமேல் இருந்தது, யாரும் திறக்கவில்லை. கணவர் எங்கே வேலை செய்கிறார்? மாமியார் கூட இருக்கிறாரா? கவிதையெல்லாம் எழுதுவீர்களாமே, குடும்பத்தைக் கவனிக்க நேரம் இருக்குமா? பிறகு ஒருவர், பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “குழந்தை இருக்கா?” என்றார். “இப்போதைக்கு இல்லை சார்” என்றேன். அப்போது எனக்கு மூன்று மாதம். காலையில் வாந்தி எடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போயிருந்தேன். சொன்னது சொல்லளவில் பொய் இல்லை என்று வரும் வழியெல்லாம் எனக்கு நானே இலக்கணம் பேசிக்கொண்டு வந்தேன். வேலை கிடைக்கவில்லை. அதன்பிறகு ஏழு வருடம் கௌரவ விரிவுரையாளர். பதினொரு மாதச் சம்பளம். வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது பதினைந்து வயது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. சென்னையில் படித்து, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. நேர்காணல் குழுவே அவரை வேறு பணிக்குப் போகச்சொல்லி மனதைக் கலைக்கப் பார்த்தது. திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூரின் வழக்கு அதற்கும் பிறகு வந்தது. கடைசி மாதவிலக்குத் தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்று சேரும்போது நிரப்பிக் கொடுக்கும் படிவத்திலேயே கேட்டிருந்தார்கள். அதில் தவறான தேதி எழுதினார் என்று சொல்லி, மகப்பேறு விடுப்புக்குப் பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளையும் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது. நான் ஐந்து ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்தது அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து.

அதனால் இந்தப் புதிய முறையைக் கார்ப்பரேட் சமாச்சாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாமியாரைப் பற்றிக் கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை. அரட்டையாகப் போகும் நேர்காணலைவிட இப்படிக் கட்டமைத்த நேர்காணல்தான், ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். என்னை 2009இல் இப்படிக் கேட்டிருந்தால் நான் சொல்ல நூறு இருந்தது.

ஆனால் இவளோ ஒன்றுமே நடக்கவில்லை என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருந்தேன். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வலையை உதறி, மீனைக் குவித்து, சுற்றிப் பெண்கள் நிற்க, ஏலம் நடந்தது. அவள் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கராவும் கிழங்கானும் கலந்த ஒரு குவியலை மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்தார்கள். நாலாயிரத்து இருநூறு. ஆளுக்கு ஆயிரத்து நானூறு. மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. ஏலத்தில் யார் எந்த இடத்தில் நிறுத்துவது என்று கண்ணாலேயே முடிந்துவிட்டது. ஐஸுக்கு அறுபது, ஆட்டோவுக்கு நூற்றைம்பது, தண்டல்காரருக்கு இருநூறு. பதினோரு மணிக்குள் முக்கால் கூடை போக வேண்டும். வெயில் ஏறினால் விலை இறங்கும். மழை நாளில் எந்தத் தெருவில் கடன் கொடுக்கலாம், யார் வீட்டில் இந்த மாதம் சம்பளம் வரவில்லை, யார் வியாழக்கிழமை மீன் எடுக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. கொஞ்சம் நோட்டிலும் இருக்கிறது. நோட்டில் எழுதுவது மகள். ஆறாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாள்.

“கடினமான வாடிக்கையாளர்னா யாரு டீச்சரம்மா?” என்றார் அக்கா, கூடையில் ஐஸைப் பரப்பிக்கொண்டே. சொன்னேன். “அதான, எல்லாரும் அப்படித்தான்” என்றவர், பிறகு ஒன்று சொன்னார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீட்டு அம்மா எப்போதும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நேத்து மீனு’ என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்பாராம். “ஒரு நாளு சொன்னேன், இன்னிக்குத் துட்டு வேணாம் எடுத்துக்கோ, கொழம்பு வச்சுத் தின்னுட்டு நாளைக்கு நீயே வெலையச் சொல்லுன்னு. மறுநாள் முழுத் துட்டும் குடுத்தாங்க. பத்து வருசமா அந்த வூட்டுக்கு நான்தான்.”

சூழல், பணி, செயல், விளைவு. அக்கா ஸ்டார் முறையில் பேசிமுடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துச் சுவரில் தலைச்சுமையோடு ஒரு பெண் நிற்கிறாள். பல்லவச் சிற்பி செதுக்கியது. அவளைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் போல நானும் பக்கத்தில் மாட்டுப் பால் கறப்பவனைத்தான் படம் எடுத்திருக்கிறேன்.

இந்தக் கூடைதான் பேருந்தில் நாறும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று கேட்ட நியாயம் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. பேருந்துக்காரர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதலமைச்சர் கண்டித்தார். அக்காவிடம் கேட்டால், “இப்ப ஏத்திக்கிறாங்க, மூஞ்சிதான் காட்டுறாங்க” என்கிறார். அதனால்தான் ஆட்டோவுக்கு அந்த நூற்றைம்பது.

அவர் போனபிறகு நானும் மாணவியும் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். நெருக்கடியில் எடுத்த முடிவு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, “புயல் சொல்லலாமா மேடம்?” என்றாள்.

மாண்டஸ் புயல். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்போது இவள் முதலாண்டு மாணவி. கல்லூரிக்கு விடுமுறை. அப்பாவும் ஊர் ஆண்களும் படகுகளை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலமே தெருவுல இருந்த வயசானவங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம் மேடம். கரண்ட் போறதுக்கு முன்னாடி போனெல்லாம் சார்ஜ் போட்டு வச்சோம். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வாங்கிட்டோம். யாரு மாத்திரை சாப்பிடறாங்கன்னு எழுதிக்கிட்டோம்.”

“நாங்கன்னா யாரு?”

“நாங்கதான் மேடம்.”

“யார் எழுதினது?”

“நான்தான் எழுதினேன்.”

“பையில் போட்டு வாங்கலாம்னு யார் சொன்னது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான்தான். ஆனா நான்னு சொன்னா நல்லாவா இருக்கும்? எல்லாரும்தான வந்தாங்க. ஊர்ல கேட்டா திமிருன்னு சொல்வாங்க.”

இந்த இடத்தில்தான் என் தமிழ் எனக்கே இடித்தது. திறன்சார் நேர்காணலுக்கு யார் பயிற்சி கொடுத்தாலும் முதலில் சொல்வது ‘நாங்கள்’ என்று சொல்லாதே, ‘நான்’ என்று சொல் என்பதுதான். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். நம்மிடம் இரண்டு இருக்கிறது. ‘நாம்’ என்றால் எதிரில் இருப்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே. இவள் ‘நாங்க’ என்று சொல்லும்போது அதற்குள் அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு அண்ணி, பள்ளிக்கூடச் சாவி வைத்திருந்த ஆயா எல்லோரும் இருக்கிறார்கள். அதை ‘நான்’ ஆக்கச் சொல்லி நான் கேட்பது பாதி பொய் சொல்லக் கேட்பது. ‘நாங்க’ என்றே விட்டால், பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போன இந்தப் பதினெட்டு வயதுப் பெண் அதற்குள் காணாமல் போகிறாள். அது மறுபாதிப் பொய்.

இதில் இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இவளும் திறன் பயிற்சி வகுப்புக்குப் போனாள். அதன் பெயர் ‘நான் முதல்வன்’. உருப்படியான வகுப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் ‘நான்’ என்பதையும் ‘-அன்’ என்பதையும் ஒரு பெண் எந்த வாயால் சொல்லுவாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். தமிழாசிரியையின் பிழைதிருத்தும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது அவன் வாயில்காவலனிடம் ஔவை பேசியதாக ஒரு புறநானூற்றுப் பாட்டு இருக்கிறது. உங்கள் அரசன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டுவிட்டு, கற்றவளுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டிக்கொள்கிறாள். இருபது வருடமாக வகுப்பில் இதை வீரமாகத்தான் நடத்தியிருக்கிறேன். வேலை கிடைக்காத ஒரு பெண் வாயிலில் நின்று பேசுவதாக அதைப் படித்தது அந்த வாசலில் உட்கார்ந்திருந்த அன்றுதான். அதே ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். தொண்டைமான் நாடு இதுதான், நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த மண். கருத்து வேறுபாட்டைக் கையாண்ட தருணம் என்று கேட்டால் ஔவைக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். “தெருப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து செய்தோம். அதில் என் வேலை பட்டியல் எழுதுவது” என்று ஆரம்பிப்பது. அதற்கப்புறம் ‘நான்’. விளைவு: இருபத்தாறு பேர், ஒரு பை, ஒரு கார்டும் நனையவில்லை. அவள் சொல்லிப் பார்த்தாள். முதல் முறை ‘நான்’ வந்த இடத்தில் குரல் தணிந்தது. ஐந்தாவது முறை தணியவில்லை.

கருத்து வேறுபாட்டுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். வகுப்பில் செமினார் நடத்தியதில் சின்னச் சண்டை ஒன்று இருக்கிறது என்றாள். அது சப்பென்று இருந்தது. பிறகு பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே, “இன்னொன்னு இருக்கு. அதச் சொல்லலாமான்னு தெரியல” என்றாள்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அத்தை மகன். வலையும் இன்ஜினும் வாங்க அப்பா அத்தை வீட்டில் வாங்கிய கடன் நடுவில் இருந்தது. பெண்ணைக் கொடுத்தால் கடன் பேச்சு வராது. இவள் அழவில்லை. மருந்து குடிப்பேன் என்று சொல்லவில்லை. அம்மாவின் மீன் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது, புதுமைப்பெண் திட்டத்தில் தனக்கு வரும் ஆயிரம் ரூபாய், படிப்பு முடித்து வேலைக்குப் போனால் எவ்வளவு என்று போட்டு, இருபத்து நான்கு மாதத்தில் கடனை அடைக்கும் கணக்கை எழுதினாள். முதலில் அப்பாவிடம் போகவில்லை, அத்தையிடம் போனாள். “அத்த, ஒனக்கு மருமக வேணுமா, துட்டு வேணுமா?” என்று கேட்டாளாம். அத்தை ஒரு நாள் யோசித்துவிட்டுத் துட்டு என்றாள். அத்தையே வந்து அப்பாவிடம் பேசினாள். ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போயிருந்தால் அங்கே இவளோ அம்மாவோ வாய் திறக்க இடமே இல்லை, பேசுவதெல்லாம் ஆண்கள். அதனால் அங்கே போகவிடாமல் அடுப்படியிலேயே முடித்தாள்.

எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. பேச்சுவார்த்தை, தரவு, யாரை முதலில் பார்ப்பது என்ற கணிப்பு. இதைவிட நல்ல பதில் அந்த நிறுவனத்து மேலாளரிடமே இருக்காது.

ஆனாலும் “வேண்டாம், சொல்லாதே” என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவளுக்கே தெரியும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்று. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. எங்கள் கல்லூரி மாணவிகள் எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நேர்காணலுக்குப் போன அக்காக்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கல்யாணம் என்ற சொல்லை இவளாகவே எடுத்து அவர்கள் மேசையில் வைத்தால், அந்த இருபத்து நான்கு மாதத்தையும் அவர்கள் வேறு விதமாக எண்ணிப் பார்க்க மாட்டார்களா? ‘அப்படியானால் இரண்டு வருடத்தில் போய்விடுவாள்’ என்று?

இன்னொரு தயக்கமும் எனக்கு இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு பெண் தன் வீட்டுக்குள் நடந்த போரை, எதிரில் இருப்பவர் ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போடும்படி நான்கு தலைப்பில் பிரித்துச் சொல்வது எனக்கு ஒவ்வவில்லை. கவிதையில் நானும் அதைத்தானே செய்கிறேன் என்பது வேறு விஷயம். கவிதைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் சம்பளம் தருவதில்லை.

செமினார் சண்டையையே தயார்செய்தோம். தவறு என்ற கேள்விக்கு நோட்டில் ஒருமுறை கடனைத் தவறாக ஏற்றியதும், வாடிக்கையாளர் வீட்டுக்கு அவளே போய்த் திருத்தியதும். மீன் என்று சொல்லலாமா, குடும்பத் தொழில் என்று சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். மீன் என்றே சொல் என்றேன். ‘சில்லறை விற்பனை’ என்று எழுதச்சொன்ன பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம்.

இதற்கிடையில் அக்கா விற்றுவிட்டு வந்துவிட்டார். குளித்து, தலைதுவட்டி, எங்களோடு உட்கார்ந்தவர், “என்னியும் கேளுங்க டீச்சரம்மா அந்தக் கேள்வி” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நெருக்கடியில் எடுத்த முடிவு என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

“தண்ணி உள்ள போச்சு. பாறையெல்லாம் தெரிஞ்சுது. எல்லாரும் பாக்க ஓடுனாங்க. நான் இவளத் தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடுனேன். எம் மாமியாரு திண்ணையில குந்தியிருந்தாங்க. ‘ஆயா வா’ன்னு கூப்புட்டேன். ‘நீ போ’ன்னாங்க. போயிட்டேன்.”

மகள் நோட்டை மூடினாள். அந்தக் கதை அவளுக்கும் அந்த அளவுக்குத் தெரியாது போல. மாமியார் கிடைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அக்கா எழுந்துபோய் டீ போட்டார்.

நேர்காணல் ஒரு புதன்கிழமை. மாலை நாலரைக்குப் பரனூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் ரயில் சத்தம். இரண்டு பேர் இருந்தார்களாம், ஒரு ஆண், ஒரு பெண். புயல் நன்றாகப் போனது. “நான்னு ஆறு தடவ சொன்னேன் மேடம், எண்ணிக்கிட்டேன்.” பிறகு அந்தப் பெண், உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லாத ஓரிடத்தில் ஒருவர் மனதை மாற்றியதுண்டா என்று கேட்டிருக்கிறார். அது நாங்கள் தயார்செய்யாத கேள்வி.

“அத்த கதைய சொல்லிட்டேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த மேடம் டைப் பண்றத நிறுத்திட்டாங்க. ‘விளைவு?’ன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் கிடைச்சுதுன்னு சொன்னேன். கடன்ல முப்பத்தெட்டாயிரம் அடைச்சாச்சுன்னும் சொன்னேன். அந்த சார் எதோ கேக்க வந்தாரு. மேடம் அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.”

அந்த சார் என்ன கேட்க வந்தார் என்பதை நாங்கள் இருவரும் இன்றுவரை ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த வேலை கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது; காரணம் இல்லை. அத்தை கதையினாலா, ஆங்கிலத்தினாலா, வேறு யாரோ நன்றாகச் சொன்னதனாலா, தெரிய வழியில்லை. நான் சொல்லாதே என்றது சரியா என்றும் தெரியவில்லை. சொன்னது தப்பு என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. மூன்றாவதாகப் போன இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி பேருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவள் ஊர் முனையில் ஐந்து நாற்பதுக்கு வருகிறது. அம்மா ஏலத்துக்குப் போகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். கடனில் இன்னும் பதினோராயிரம் பாக்கி.

இந்த வாரம் வேறொரு மாணவி மின்னஞ்சலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே ஐந்து கேள்விகள். இவளும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் ஆரம்பித்தாள். முன்னவள் என்னிடம் விட்டுப்போன நோட்டை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் நேர்காணல் பதில்கள், பின்பக்கத்திலிருந்து மீன் கணக்கு. பின்பக்கத்தைக் கிழித்துவிடாதே, திருக்கழுக்குன்றத்து வீடு ஒன்றில் நானூற்றைம்பது வர வேண்டியிருக்கிறதாம், அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.